"சார், கால் முன்னாடி வலிக்குது"

குறுவட்டப் போட்டிக்குத் தேதி வந்துவிட்டால் மைதானம் பரபரப்பாகிவிடும். கோடை விடுமுறையில் ஓடாத பிள்ளைகள் திடீரென்று காலையும் மாலையும் ஓடுவார்கள். இரண்டாம் வாரத்தில் யாராவது ஒருவர் வந்து முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைத் தடவிக் காட்டுவார். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அணியிலிருந்து நீக்கிவிடுவேனோ என்று பயந்து வலியை மறைத்து ஓடினாள். எலும்பில் மெல்லிய விரிசல் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலில், எலும்பின் உள்பக்க ஓரமாக வரும் இந்த வலியை 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்பார்கள். எலும்பு உயிருள்ள திசு. ஓட்டத்தின் அதிர்வுக்குப் பழகும்போது பழைய பகுதி முதலில் கரையும். புதியது அதன் பிறகே உருவாகும். அதற்குள் பயிற்சியைக் கூட்டினால் எலும்பும் அதைப் போர்த்திய சவ்வும் நோகும். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். நன்றாக முன்னேறிவரும் பிள்ளைக்கும் இந்த வலி வருவது இதனால்தான்.

வலி என்றதும் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள் (மாணவியரிடம் ஆசிரியை பார்க்கட்டும், அல்லது அவர்களையே அழுத்திக் காட்டச் சொல்லலாம்). உள்ளோரத்தில் ஐந்து சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதும் வலித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்பது ஓடுவதற்கான அனுமதி அல்ல. சுளுக்கு என்று நினைத்து அழுத்தி நீவுவதும், வலி மாத்திரை போட்டு ஓடவிடுவதும் கூடாது.

ஷின் ஸ்பிளின்ட்ஸுக்கு முதல் மருந்து ஓட்டத்தையும் குதித்தலையும் நிறுத்துவது. ஐஸைத் துணியில் சுற்றிப் 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வலி தணியும். சும்மா உட்கார வைக்க வேண்டியதில்லை. வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். சாதாரண நடையிலும், பிறகு ஒற்றைக்காலில் குதிக்கும்போதும் வலி இல்லையென்றால் பழைய தூரத்தில் பாதிக்கும் குறைவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடத் தொடங்கலாம். வலி திரும்பினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். சில வாரங்கள் ஆகும். போட்டித் தேதிக்காக எலும்பு அவசரப்படாது.

தடுப்பதற்குப் பள்ளி திறந்த ஜூன் மாதமே மெதுவாகத் தொடங்குவதுதான் வழி. ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். சிமென்ட் தரையைவிட மண் தரை நல்லது. வெறுங்காலில் பழகியவருக்குப் போட்டிக்கு முதல் நாள் ஸ்பைக்ஸ் மாட்டிவிடக் கூடாது. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் வலுப்படும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நாம் கணக்கிடுவதே இல்லை. ஒரே மாணவர் காலையில் 800 மீட்டர், மதியம் அணிவகுப்பு ஒத்திகை, மாலையில் கபடி என்று ஓடுகிறார். இடையில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு வகுப்பாசிரியர் மைதானத்தை நான்கு சுற்று ஓடவிடுகிறார்! ஒவ்வொருவருக்கும் தன் பங்கு மட்டுமே தெரியும், எலும்புக்கோ மொத்தமும். உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியரும் வாரம் ஒருமுறை இதைப் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

காலை உணவின்றிப் பயிற்சிக்கு வருபவர்களையும் கவனியுங்கள். போதிய உணவில்லாமல் கடுமையாக ஓடும் மாணவிக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், எலும்பும் பலவீனமாகும். ஆசிரியை ஒருவர் தனியாகக் கேட்டால் சொல்வார்கள். இப்போதெல்லாம் பயிற்சியின் முதல் நாளே நான் சொல்லிவிடுகிறேன்: "வலி இருக்குன்னு சொன்னதுக்காக யார் பேரையும் அடிக்க மாட்டேன்." அதன் பிறகு வலியைச் சொல்ல வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அதுவும் முதல் வாரத்திலேயே.