கூட்டத்தில் சேராத குழந்தை



கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அங்கன்வாடி வாசலில் பிள்ளையோ முந்தானையை விடாமல் அழுகிறது. “கொஞ்சம் வேடிக்கை காட்டுங்க ஆயா” என்று சொல்லிவிட்டு, அம்மா சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார். பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால், இன்று ஏமாந்த பிள்ளை நாளைக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். “சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் பாட்டி வருவாங்க” என்று சொல்லிவிட்டே போங்கள். அழுதாலும் பரவாயில்லை; சொன்னபடி பாட்டி வந்தாக வேண்டும். குழந்தைக்கு மணி தெரியாது, சாப்பாட்டு வேளை தெரியும்.

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை அங்கன்வாடிகள். சத்துணவு மட்டுமல்ல, ஆட்டமும் பாட்டும் அங்கே உண்டு. சில பிள்ளைகள் எதிலும் சேராமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். உடனே “மக்குப் பிள்ளை” என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் வேடிக்கை, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தனி விளையாட்டு, அப்புறம்தான் கூட்டு விளையாட்டு. சிறு குழந்தைகளைக் கவனித்து, அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை எழுதினார். (நம் பாட்டிமாருக்கு இது முன்பே தெரியும்!) 2 வயதுப் பிள்ளை தன் கொட்டாங்கச்சியில் தானே மண் அள்ளினால் அது குறையல்ல.

கையைப் பிடித்து இழுத்து நடுவில் தள்ளாதீர்கள். சின்ன வேலை கொடுத்தால் போதும். குலைகுலையா முந்திரிக்கா ஆடும்போது துணியை வைத்திருக்கட்டும். தட்டு எடுத்துக் கொடுக்கட்டும். சாயங்காலம் தெருவில் ஒரே ஒரு பிள்ளையோடு பழக விடுங்கள்; மறுநாள் அந்தக் கூட்டாளி பக்கத்தில் இருந்தால் பயம் பாதி குறையும். நைட் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவும் கொண்டுவிடலாம். பத்து நிமிஷம் பாயில் உட்கார்ந்துவிட்டு வந்தால் தூக்கம் ஒன்றும் கெட்டுவிடாது.

நம் பகுதி ஆந்திர எல்லை. தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு; வேலை தேடி வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. பாஷை புரியாத பிள்ளை முதலில் வாய் திறக்காது. பந்து உருட்ட பாஷை வேண்டாமே!

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லையா? யார் முகத்தையும் பார்ப்பதில்லையா? பேசிவந்த வார்த்தைகளும் நின்றுபோயிற்றா? இதைக் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. காது கேளாமல் இருக்கலாம். வளர்ச்சியில் வேறு சிக்கலும் இருக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும். அதுவரை காத்திராமல் கணவனும் மனைவியுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.