பாப்பா வரப் போகுதா? கார் வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

சென்ற மாதம் ஒரு நாள் காலை, தொப்பம்பட்டியில் என் வைத்தியசாலைக்கு ஒரு குடும்பமே வந்து இறங்கியது. ஏழாவது மாதம் நடக்கும் மருமகள், அவள் கணவர், மாமனார், மாமியார். நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்கத்தான் வந்தார்கள். நாடி பார்த்து, உணவு முறை சொல்லி முடித்ததும் மாமனார் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க வைத்தியரே, பாப்பா வர்றதுக்குள்ள கார் ஒண்ணு எடுத்துப் போடலாம்னு இருக்கோம். எதுங்க நல்லது?"

"என்னங்க இது, வைத்தியன்கிட்ட வண்டி கேக்கறீங்க!" என்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. நம் பக்கம் பிரசவம் என்றால் பழனிக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போயாக வேண்டும். சிக்கல் என்றால் திண்டுக்கல். பிறந்த பிறகு தடுப்பூசிக்கு அலைய வேண்டும். கைக்குழந்தையோடு எத்தனை தடவை பஸ் ஏறுவது?

மகனுக்கு உயரமான பெரிய வண்டி பிடித்திருந்தது. மாமியாருக்கு வெள்ளை நிறம். மருமகளிடம் மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "முதல்ல இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப் பாருங்க" என்றேன். கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் இளகிக் கொடுக்கும். காலைத் தூக்கி ஏற வேண்டிய வண்டியும் கஷ்டம், பள்ளத்தில் விழுவது போல உட்கார வேண்டிய வண்டியும் கஷ்டம். பின்னால் திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைக்கிற உயரம்தான் சரி. சிசேரியன் ஆன தாய்க்கு இது இன்னும் முக்கியம். பின் கதவு அகலமாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தையை ஏற்றி இறக்கப் போவது அந்தக் கதவு வழியாகத்தான்.

அடுத்தது சீட் பெல்ட். "வயித்தை அழுத்துமே, பாப்பாவுக்கு ஆகாதே" என்று மாமியார் சொன்னார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது தப்பு. கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல் படிய வேண்டும். மேல் பட்டை இரு மார்புக்கும் நடுவில் வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். இப்படிப் போட்டால் தாய்க்கும் காவல், சிசுவுக்கும் காவல். தானே ஓட்டும் பெண்கள் ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்கும்படி சீட்டைத் தள்ளிக்கொள்ளுங்கள்.

சாதாரண மேடு பள்ளத்தில் குலுங்கினால் ஆரோக்கியமான கர்ப்பம் கலைந்து விடாது, பயப்படாதீர்கள். ஆனால் வண்டி எதிலாவது மோதினால், லேசான இடியாக இருந்தாலும், அன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வெளியே காயம் இல்லாமலே நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து விலகியிருக்கலாம். ரத்தப்போக்கு, வயிற்று வலி, சிசுவின் அசைவு குறைவது இதெல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். தாயின் ரத்தம் நெகடிவ் வகை என்றால் மறக்காமல் சொல்லுங்கள், அதற்குத் தனி ஊசி தேவைப்படலாம். இங்கே சித்த மருந்து, கஷாயம் என்று என்னிடம் வர வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிதான்.

இனி எந்தக் கார் என்ற கேள்விக்கு வருவோம். ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே நெருக்கி உட்கார்ந்து போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாட்டாவுக்கு நானோ யோசனை வந்ததாம். 2008-ல் அதை அறிமுகப்படுத்தினார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது, ஏர் பேக் இல்லாத நானோவும் ஆல்டோ 800-ம் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார் கூட வாங்கவில்லை. அவற்றோடு சோதித்த மற்ற மூன்று கார்களுக்கும் அதே கதிதான். அதன் பிறகுதான் நம் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். 2018-ல் டாட்டா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே வந்துவிட்டது.

ஷோரூமில் "5 ஸ்டாருங்க" என்றால் அதோடு விடாதீர்கள். பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2021-ல் டாட்டா பஞ்ச் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 என்றுதான் வாங்கியது. சோதனை முறையும் பிறகு கடுமையாகிவிட்டதால், எந்த வருஷத்து ஸ்டார் என்பதையும் கேட்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் 2022-க்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். அவற்றில் முன் சீட் இரண்டுக்கும் ஏர் பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"பாப்பாவை நான் மடியில வெச்சுக்குவேன், எனக்குத் தெரியாதா?" என்றார் மாமியார். அவர் பாசத்தில் குறையில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நிற்பது, ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நொடியில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பச்சைக் குழந்தைக்குத் தலை, உடல் நீளத்தில் கால்வாசி. கழுத்தோ தளிர். அதனால்தான் குழந்தைக்கான தனி இருக்கையைப் பின் சீட்டில், குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி வைக்கிறார்கள். 15 மாதம் வரையாவது அப்படித்தான் இருக்க வேண்டும். ஏர் பேக் உள்ள முன் சீட்டில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் ஏர் பேக்கே குழந்தைக்கு எமன்.

இந்த இருக்கையை மாட்டுவதற்குப் பின் சீட்டின் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் என்ற இரும்பு வளையங்கள் இருக்க வேண்டும். கையை விட்டே தடவிப் பாருங்கள். அலாய் வீல், பெரிய திரை என்று செலவழிக்கும் பணத்தில் இந்த இருக்கையை வாங்கிவிடலாம். 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பதும் பலருக்குத் தெரியாது.

பிறந்த குழந்தையை அதில் நெடுநேரம் விடவும் கூடாது. தலை முன்னால் சாய்ந்து மூச்சு தடைபடலாம். பின்னால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். குறை மாதக் குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மசக்கைக்காரிகளுக்குப் புதுக் காரின் வாசனையே குமட்டும். அதை மறைக்க வாசனைத் திரவியம் தெளிப்பது இன்னும் மோசம். கண்ணாடியை இறக்கிக் காற்றோட விடுங்கள். சிறு இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டாலே பலருக்கு அடங்கிவிடும். சிலர் காருக்குள் கற்பூரம் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தவழும் பிள்ளை எட்டி எடுத்து வாயில் போட்டால் வலிப்பு வந்துவிடும். கழற்றி எறியுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் "ரெண்டே நிமிஷம்" என்று குழந்தையை விட்டுப் போகாதீர்கள். பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகக் குழந்தையின் உடம்பு சூடேறும்.

கடைசியாக அந்த மகனிடம், "தம்பி, கார் ஓட்டி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். "இப்பத்தானுங்க கத்துக்கறேன்" என்றார். புது வண்டி, புது டிரைவர், நிறைமாதக் கர்ப்பிணி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரவே கூடாது. வாங்குவதானால் இப்போதே வாங்கி ஓட்டிப் பழகட்டும். இல்லாவிட்டால் பிரசவம் முடிந்து வாங்கட்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்த பணத்தை முன்பணமாகக் கட்டிவிடவும் வேண்டாம்.

"அப்ப வலி எடுத்தா எதுலங்க போறது?" என்று அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"வாசல்ல காரே நின்னாலும் 108-ஐக் கூப்பிடும்மா" என்றேன். வழியிலேயே பிரசவம் ஆனால் பார்க்க அதில் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார். உன் வீட்டுக்காரருக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே இரண்டு கை போதாது!