வாசல் இடம் மாறியிருக்கிறது: இணையமும் சாதியும்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் இவ்வூரைக் கடந்து நடக்கின்றனர். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. ஆனால், இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய தலித் மக்கள் 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் காவல்துறைப் பாதுகாப்புடன்தான் அவர்களால் நுழைய முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இதுவே நிகழ்ந்தது.

செல்லங்குப்பத்தில் பிணக்கு தொடங்கிய இடம் கவனிக்கத்தக்கது. ஒரே பள்ளியில் படித்து, பிழைப்புக்காகச் சென்னைக்குச் சென்ற இரு இளைஞர்கள். ஒருவர் தலித், மற்றவர் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர். கோயில் நுழைவு குறித்து இருவரும் முதலில் மோதிக்கொண்டது சமூக ஊடகத்தில். பின்னர் அது ஊருக்கு வந்து கைகலப்பாயிற்று என்று அப்போதைய செய்திகள் பதிவு செய்தன. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லைக்கோடு கைப்பேசித் திரையிலும் ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாதை பொதுவாக இருப்பதும் வாசல் திறந்திருப்பதும் ஒன்றல்ல. இணையத்தின் வரலாற்றை இந்த வேறுபாட்டைக் கொண்டே நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் வாசல்: கருவியும் மொழியும்

1969இல் அமெரிக்க இராணுவ ஆய்வுத் திட்டமாக உருவான அர்பாநெட்டிலிருந்து இணையம் வளர்ந்தது. அதன்மீது இயங்கும் வையவிரிவலையை 1989இல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வகம், 1993 ஏப்ரல் 30 அன்று அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அனுமதி கேட்காமல் எவரும் எழுதலாம், எவரும் படிக்கலாம் என்பதே அந்த அறிவிப்பின் பொருள்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. ஆனால் அதற்குக் கணினி வேண்டும், தொலைபேசி இணைப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும். இம்மூன்றும் எந்தச் சாதியினரின் வீடுகளில் முதலில் இருந்தன என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழிலோ ஒவ்வொரு தளமும் தனித்தனி எழுத்துருவைப் பயன்படுத்தியது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் எழுத்துருக் குறியீட்டையும் சீர்செய்ய முயன்றது. 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தனது தரமாக ஏற்றது.

திறந்த பாதையில் இரு ஊர்வலங்கள்

கைப்பேசி வந்தபின் நிலை மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கிய விலைப்போட்டியால், கூலித் தொழிலாளியின் கைக்கும் இணையம் எட்டியது. இது ஏன் முக்கியமானது என்பதை உணர, அச்சு, காட்சி ஊடகங்களின் நிலையை நினைவில் கொள்ள வேண்டும். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் இணைந்து வெளியிட்ட ஆய்வில், ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்காமல் தலித் மக்கள் தங்களுக்கான ஊடகத்தைத் தாங்களே உருவாக்கினர். தலித் கேமரா யூடியூப் வழியாகச் சாட்சியங்களைப் பதிவு செய்தது. 2015 முதல் ஏப்ரல் மாதம் தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் இறுதிக் கடிதம் நாடெங்கும் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்தது. அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் உனாவில் தலித் இளைஞர்களை அடித்தவர்கள், தங்கள் வீரத்தைப் பறைசாற்றவே காணொளியைப் பரப்பினர். அதுவே அவர்களுக்கு எதிரான பேரெழுச்சிக்கு விதையாயிற்று.

ஆனால் அதே பாதையில் எதிர் ஊர்வலமும் வந்தது. 2015 ஜூனில் பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டபின், தலைமறைவாக இருந்த முதன்மைக் குற்றவாளி வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டு, ஆதரவாளர்களிடையே தன்னை நாயகனாக நிறுத்திக்கொண்டார். இன்று சாதிப் பெருமிதக் காணொளிகள் பள்ளி மாணவர்களின் கைப்பேசிகளில் நிரம்பிக் கிடக்கின்றன.

இரண்டாம் வாசல்: நிரல்

நம் திரையில் எது தோன்ற வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலும் நாம் தீர்மானிப்பதில்லை. தொடக்கத்தில் நண்பர்களின் பதிவுகள் கால வரிசையில் தோன்றின. இன்று நிறுவனத்தின் நிரல், எப்பதிவு நம்மை நீண்ட நேரம் திரையில் நிறுத்தும் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. கோபமும் பெருமிதமும் அதிகப் பார்வைகளை ஈர்ப்பதால், வெறுப்பு நிறுவனத்துக்கு வருவாயாகிறது.

விதிகளும் நிறுவனத்தின் விருப்பத்தையே சார்ந்தவை. 2018இல் முகநூல் தனது வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியையும் சேர்த்தது. 2025 ஜனவரியில் அதன் தாய் நிறுவனமான மெட்டா, வெறுப்புப் பேச்சு விதிகளைத் தளர்த்தியது. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், தேன்மொழி சௌந்தரராஜன் சாதி குறித்து ஆற்றவிருந்த உரையை ஊழியர் சிலரின் எதிர்ப்பைத் தொடர்ந்து இரத்து செய்தது. கொடுப்பதும் பறிப்பதும் ஒரே கையில் இருக்கும்போது அதற்கு உரிமை என்று பெயரில்லை. சலுகை என்றே பெயர்.

மூன்றாம் வாசல்: தரவு

இணையம் செல்லும் திசையை இரு இடங்களில் காணலாம். முதலாவது கூலி. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் தொழிலாளர் வருகையை, என்.எம்.எம்.எஸ். செயலியில் நாளுக்கு இருமுறை நிழற்படத்துடன் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அலைவரிசை இல்லையென்றால், மண் வெட்டிய பெண்ணின் உழைப்பு அரசின் கணக்கில் இல்லாமற்போகும். இணையம் நாம் விரும்பிச் செல்லும் இடமாக இருந்த காலம் முடிந்து, அதன் வழியாகவே சோற்றுக்குச் செல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு. இணையத்தில் குவிந்துள்ள எழுத்துகளைக் கொண்டே மொழி மாதிரிகள் பயிற்றுவிக்கப்படுகின்றன. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை அங்கு மிகுதி. நாம் எழுதியவை குறைவு. 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த மாதிரிகளில் பெரும்பாலானவை, சாதி குறித்த இழிவான முன்முடிவுகளையே தேர்ந்தெடுத்தன. நாளை வேலை விண்ணப்பங்களையும் கடன் மனுக்களையும் இத்தகைய இயந்திரங்கள் வடிகட்டினால், பெயர் சொல்லி ஒதுக்கும் ஆளைக்கூட நம்மால் சுட்டிக்காட்ட இயலாது.

செய்ய வேண்டியவை

சட்டம் நம்மிடம் இருக்கிறது. பொதுப்பார்வையில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளின்படி குற்றம். இணையத்தில் வெளியாகும் இழிவுரைக்கும் இது பொருந்தும் என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாயிற்று. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

எனவே இழிவுப் பதிவைக் கண்டால் திரைப்பிடிப்போடு நிற்காமல், அதன் முகவரி, நாள், நேரம், கணக்கின் பெயர் ஆகியவற்றையும் சேமித்து வைக்க வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின் கீழான சான்றிதழ் தேவை. மாணவர்கள் தங்கள் சேரியின் வரலாற்றைத் தமிழ் விக்கிப்பீடியா போன்ற திறந்த தளங்களில் ஆதாரங்களோடு எழுத வேண்டும்; நாளைய இயந்திரங்கள் படிக்கப்போவது இவற்றையும்தான். நிரல்களும் தரவுகளும் சாதிச் சாய்வுக்காகப் பொதுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது நமது அரசியல் கோரிக்கையாக வேண்டும்.

1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. திருவிதாங்கூரில் கோயில் வாசல் திறந்தது 1936இல். தெருவுக்கும் வாசலுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இணையத்தின் தெருவில் நாம் நடக்கத் தொடங்கிவிட்டோம். அதன் விதிகள் எழுதப்படும் அறையின் வாசல் இன்னும் மூடித்தான் இருக்கிறது.