துள்ளுமேடை வாங்கப் போனோம்!

மெல்போர்னில் என் மகள் குடியிருக்கும் தெருவில் நின்றுகொண்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தால், பத்து வீட்டுக்கு நாலு வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய கறுப்பு வட்டம் தென்படும். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வலை. உள்ளே குழந்தைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள். தலை தெரியும், மறையும், மறுபடியும் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்த என் மனைவி, "இதென்ன, வாணலியில் பொரி துள்ளுகிற மாதிரி!" என்று வாயைப் பிளந்தாள். அதற்குப் பெயர் டிராம்போலின்.

நாங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாளே ஒன்பது வயதுப் பேரன் என்னிடம் மனுக் கொடுத்துவிட்டான். "தாத்தா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா வாங்கிவிடுவார்." நாலு வயதுப் பேத்திக்கும் அதே பிடிவாதம். மாப்பிள்ளைக்கு ஆசை, மகளுக்குப் பயம். நடுவில் மத்தியஸ்தம் பண்ண நான்!

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எங்களிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்றார். இனாம் என்றதும் எனக்குச் சபலம் தட்டியது. ஆனால் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் ஸ்பிரிங்கும் இரும்புமாகக் காலம் தள்ளியவன் நான். ஒரு சாமானைக் கையால் தொட்டுப் பாராமல் வாங்கும் வழக்கம் கிடையாது. போய்ப் பார்த்தேன்.

தூரத்தில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கிட்டே போய், குதிக்கும் விரிப்பின் ஓரத்துத் தையலை நகத்தால் நெருடினேன். நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது! அந்த விரிப்பு பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழையில் நெய்தது. மழையினால் அதற்கு அவ்வளவு கெடுதல் இல்லை, வெயில்தான் சத்துரு. வருஷக் கணக்கில் வெயிலில் கிடந்தால் இழை வலுவிழந்துவிடும். பல சமயம் துணிக்கு முந்தித் தையல் நூல்தான் போகும்.

பிறகு ஸ்பிரிங்குகளைப் பார்த்தேன். இழுப்பில்லாமல் சும்மா இருக்கும்போது ஒரு ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கழற்றிப் பார்த்த ஐந்தில் மூன்று, பல் விழுந்த கிழவர் சிரிப்பதுபோல் இடைவெளி விட்டு நின்றன. அதற்குமேல் அவற்றை நம்பக் கூடாது. கடைசியாகக் கால் குழாயைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். உள்ளிருந்து பிடி துரு கொட்டியது. வெளியே பூசிய வர்ணம் மட்டும் பளபளவென்று இருந்தது!

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். பேரன் முகம் சுண்டிப்போயிற்று. "புதிதாக வாங்கலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் அதில் வெளிச்சம் வந்தது.

சர்க்கஸ் வலையில் பிறந்தது

கடைக்குப் போகுமுன் இதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன், சுவையான கதை. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நிஸ்ஸன் என்ற பையன், ஜிம்னாஸ்டிக் பழகுகிறவன், சர்க்கஸ் பார்க்கப் போனான். பார் விளையாட்டுக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழேயுள்ள வலையில் விழுந்து துள்ளுவதைக் கண்டான். அந்தத் துள்ளலே ஒரு ஆட்டமானால் என்ன என்று தோன்றிவிட்டது. 1930ல், பதினாறு வயதில், வீட்டு மோட்டார் கொட்டகையில் இரும்புச் சட்டத்தில் கான்வாஸைக் கட்டிப் பார்த்தான். 1934ல் லாரி கிரிஸ்வோல்ட் என்ற பயிற்சியாளரும் அவரும் சேர்ந்து உருப்படியாக ஒன்றைச் செய்தார்கள். பிற்பாடு மெக்ஸிகோவில் சுற்றியபோது, நீச்சல்காரர்கள் குதிக்கும் பலகைக்கு ஸ்பானிய மொழியில் 'டிராம்போலின்' என்று பெயர் என அறிந்து அதையே சூட்டினார். 1960ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கங்காருவோடு ஜோடி சேர்ந்து அவர் துள்ளிய படம் உலகப் பிரசித்தம். இந்த விளையாட்டு 2000ல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அதுவும் கங்காரு நாட்டின் சிட்னி நகரில்! நிஸ்ஸன் 2010ல் காலமானார்.

கடையில் கண்டது

கடையில் மூன்று தினுசு வைத்திருந்தார்கள். முதலாவது விலை மலிவு. வெறும் இரும்புக் குழாய்க்கு மேலே வர்ணம். இரண்டாவது, உள்ளும் புறமும் துத்தநாகம் ஏற்றிய குழாய். மூன்றாவதில் சுற்றிலும் ஸ்பிரிங்கே கிடையாது! விரிப்புக்கு அடியிலிருந்து வளையும் கம்புகள் அதைத் தாங்குகின்றன. நியூசிலாந்து கான்டர்பரி சர்வகலாசாலையைச் சேர்ந்த கீத் அலெக்ஸாண்டர் என்ற என்ஜினீயரின் யோசனை அது. ஸ்பிரிங்கிலும் இரும்பு விளிம்பிலும் இடித்துக்கொள்ளும் ஆபத்து இதில் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது, விலைதான் பிடிக்கவில்லை. முதல் தினுசைப் போல் மூன்று மடங்குக்கு மேல்.

ஆகவே இரண்டாவதையே பரிசோதித்தோம். இம்மாதிரிச் சட்டங்களில் துரு முதலில் பிடிக்கும் இடம் வெல்டிங் வைத்த மூட்டு. துத்தநாகம் ஏற்றிய பிறகு வெல்டு செய்தால், அந்தச் சூட்டில் பூச்சு எரிந்து அங்கே இரும்பு அம்மணமாகிவிடும். மூட்டுக்கு மூட்டு குனிந்து பார்த்தேன். கடைப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான், பார்க்கட்டும்! வலையைத் தாங்கும் கம்பங்கள் வலைக்கு வெளியே இருக்கின்றனவா, ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தை கனமாக இருக்கிறதா, ஆஸ்திரேலியாவில் வீட்டு டிராம்போலின்களுக்கென்று 2015ல் வெளியான ஏ.எஸ். 4989 என்ற தரநிர்ணயம் அட்டையில் குறித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தோம்.

உத்தரவாதச் சீட்டையும் வாசித்தேன். 'பத்து வருஷம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படித்தால், பத்து வருஷம் சட்டத்துக்கு மட்டும். மெத்தைக்கும் வலைக்கும் ஒரே வருஷம். வெயிலில் முதலில் நைந்து போகிறவை அவை இரண்டும்தான். ஆகவே நான் கேட்ட முக்கியமான கேள்வி இது: "வலையும் மெத்தையும் விரிப்பும் தனியே கிடைக்குமா?" கிடைக்கும் என்று விலைப் பட்டியலைக் காட்டினார்கள். அதன் பிறகுதான் பணத்தை எடுக்கச் சொன்னேன். உதிரி பாகம் கிடைக்காத சாமான் எவ்வளவு உறுதியானாலும் மூன்றாம் வருஷம் குப்பைக்குத்தான்.

மகளின் கட்சி

வீட்டுக்கு வந்தால் மகள் வேறு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் கழகம் 2012ல் விடுத்த அறிக்கை. வீட்டில் டிராம்போலின் வைப்பதையே அவர்கள் விரும்பவில்லை. காயங்களில் சுமார் முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் குதிக்கும்போது நேர்கிறதாம். அடிபடுவது பெரும்பாலும் அதில் சின்னக் குழந்தைதான்.

"வலைதான் இருக்கிறதே?" என்றார் மாப்பிள்ளை.

"வலை வெளியே விழாமல்தான் தடுக்கும். உள்ளேயே காலை முறித்துக்கொண்டால்?" என்றாள் அவள்.

அவள் சொன்னது வாஸ்தவம். கனமான பையன் அமுக்கிய விரிப்பு, பலத்தோடு மேலே எழும்பும். அதே கணத்தில் இலேசான குழந்தை கீழே வந்தால், மெத்தென்ற துணியில் அல்ல, எதிர்த்து வரும் தரையில் மோதுகிற மாதிரி. முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிந்துபோகும். அண்ணனும் தங்கையும் கைகோத்துக் குதிப்பதைப் போட்டோ எடுக்க நான் மனசுக்குள் இடம் பார்த்து வைத்திருந்தேன்! கடை அட்டையில் '150 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்ததை, நாலைந்து குழந்தைகள் ஏறலாம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டதும் தப்பு. அது இரும்பின் பலம். எலும்பின் பலம் அல்ல.

கடைசியில் வீட்டுச் சட்டம் இப்படி ஆயிற்று: ஒரு நேரத்தில் ஒருவர். கரணம் அடிக்கக் கூடாது, கழுத்துப் போய்விடும். பெரியவர் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆறு வயது ஆகும்வரை பேத்திக்குக் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஏணியைக் கழற்றிக் கொட்டகையில் பூட்டிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தவன் நான்.

மறுநாள் காலை பூட்ட ஆரம்பித்தோம். துணிக்கொடிக்கும் மரக்கிளைக்கும் எட்டாத புல்தரையாகப் பார்த்து, சுற்றிலும் இரண்டு மீட்டர் காலி விட்டோம். மாப்பிள்ளை ஸ்பிரிங்குகளை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக மாட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் இழுக்கவே முடியவில்லை. "அத்தனையும் கழற்றுங்கள். சக்கரத்து நட்டை முடுக்குகிற மாதிரி எதிரும் புதிருமாக மாட்ட வேண்டும்" என்றேன். பேரன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து எண்ணினான்: அறுபத்து நாலு. அந்த ஊர்க் காற்று லேசுப்பட்டதல்ல. புயல் அடித்தால் டிராம்போலின் வேலி தாண்டிப் பறந்துவிடும். கால்களைத் தரையோடு சேர்த்து வளைந்த இரும்பு முளைகளை ஆழமாக அடித்தோம்.

பேத்தி மட்டும் புல்லில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. தாழ்வாரத்து உத்திரம் கெட்டியாக இருந்தது. மீதி நாளில் இரண்டு போல்ட்டும் சங்கிலியும் ஒரு பலகையும் வாங்கி வந்து ஊஞ்சல் கட்டிவிட்டேன். முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு அவள். சாயங்காலத்துக்குள் பேரன் ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றான்!

நாங்கள் ஊர் திரும்பிப் பத்து மாதமாகிறது. போன வாரம் மகள் டெலிபோனில் பேசினாள். வலையின் ஜிப் பிய்ந்துவிட்டதாம். புது வலை வரும்வரை ஏணி பூட்டியே இருக்கிறதாம். பேத்தி தன் ஆறாவது பிறந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கணக்குக் கேட்கிறாளாம்.