கடிகாரம் யாருடையது?

சுங்குவார்சத்திரம் டீக்கடையில், ஷிஃப்ட் முடிந்து வந்த தோழர் சொன்னார்: "ஆனந்தையே கம்ப்யூட்டர் தோக்கடிச்சிடுச்சே!"

உண்மைதான். 1998இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் 10 என்ற நிரல் 5-3 என வென்றது. ஆனால் பிரித்துப் பாருங்கள். நான்கு அதிவேக ஆட்டங்களில் 3-1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½-½. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் தந்த இரண்டு ஆட்டங்களிலோ 1½-½ என்று ஆனந்த்தான் முன்னிலை. கூடுதல் நேரத்தில் எந்திரம் சற்று ஆழமாகத் துழாவும். மனிதனோ தன் பிழையையே கண்டுவிடுவான். (இன்றைய நிரல்களிடம் அந்த அவகாசமும் எடுபடாது, அது வேறு சங்கதி.) மனிதன்/எந்திரம் என்ற எதிர்வையே பேசுகிறோம்; காலத்தை வகுக்கும் அதிகாரத்தைத் தவறவிடுகிறோம் என்றேன்.

"எங்க லைன்ல அதை நாங்களா வைக்கிறோம்?" என்றார் தோழர்.