அமுக்க அலகுகளும் அவற்றின் மாற்றீடும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

வளிமண்டலத்தின் நியம அமுக்கத்தை 101325 பஸ்கால் என்றோ, 1.01325 பார் என்றோ, 760 மில்லிமீற்றர் இரசம் என்றோ, சதுர அங்குலத்துக்கு 14.696 இறாத்தல் என்றோ கூறலாம். பாடநூல்கள் இவற்றை அட்டவணையாகத் தந்து, மனனஞ் செய்யுமாறு மாணவரைப் பணிப்பதோடு அமைந்துவிடுகின்றன. ஒரே பௌதிகக் கணியத்துக்கு இத்தனை அலகுகள் தோன்றிய காரணம் யாது என்னும் வினா அங்கு எழுவதில்லை. அவ்வினா எழாதவிடத்து, மாற்றீடு வெறும் பெருக்கற் கணக்காகவே தோன்றும். பிழை நேரும் இடங்களும் புலப்படாது போகும்.

1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டில், சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெசன் நியூற்றனது பெருநூலின் சமூக, பொருளாதார வேர்களை ஆராய்ந்து கட்டுரை படித்தார். (ஐந்தாண்டுகளின் பின் அவர் தம் நாட்டிலேயே கொலைத்தண்டனைக்கு உள்ளானமையையும் மறைத்தற்கில்லை.) சுரங்க நீரை இறைக்கும் தேவை திரவங்கள், வளி ஆகியன பற்றிய ஆய்வைத் தூண்டியமையை அவர் எடுத்துக்காட்டினார். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே, உறிஞ்சு பம்பி நீரை 18 முழத்துக்கு மேல் உயர்த்தாது என்னும் செய்தியைக் கூறுபவன் பம்பியைத் திருத்த வந்த ஒரு தொழிலாளியே என்பது மனங்கொள்ளத்தக்கது. அறிஞர் அறியாதிருந்ததைக் கைவினைஞன் அறிந்திருந்தான். கலிலியோவின் வழிவந்த தொறிசெல்லி, நீரினும் ஏறத்தாழ 13.6 மடங்கு அடர்த்தியான இரசத்தைப் பயன்படுத்தியபோது, பத்து மீற்றர் நிரல் 76 சென்ரிமீற்றராகக் குறுகி மேசைமேல் வைக்கத்தக்க கருவியாயிற்று. 1648இல் பஸ்கால் தம் மைத்துனரைக் கொண்டு புய் த டோம் மலைமீது அந்நிரலை அளப்பித்தார்; உச்சியில் அது தாழ்ந்து நின்றது. இரச நிரலின் உயரமே அமுக்கத்தின் அலகாகிய வரலாறு இதுவாகும்.

ஆயின் உயரம் அமுக்கமாகாது. அமுக்கமாவது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகத் தாக்கும் விசை. ஒரு சதுர மீற்றரில் ஒரு நியூற்றன் தாக்கின் அது ஒரு பஸ்கால்; இப்பெயர் 1971இல் சர்வதேச ரீதியாக ஏற்கப்பட்டது. இரச நிரலின் உயரத்தை இதற்கு மாற்ற, இரசத்தின் அடர்த்தியையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் உயரத்தையும் பெருக்குதல் வேண்டும்: 13595.1 × 9.80665 × 0.001. விடை 133.322. எனவே 120 மில்லிமீற்றர் குருதியமுக்கம் ஏறத்தாழ 16 கிலோபஸ்காலாகும்.

இறாத்தற் கணக்கும் இத்தகையதே. ஓர் இறாத்தல் 0.45359237 கிலோகிராம், அதன் நிறை 4.44822 நியூற்றன். ஒரு சதுர அங்குலம் 0.00064516 சதுர மீற்றர். முன்னதைப் பின்னதால் வகுப்பின் 6894.76 பஸ்கால் கிடைக்கும். இவ்வாறு ஒவ்வோர் அலகையும் ஒருமுறை பஸ்காலுக்கு மாற்றிக்கொள்ளின், எந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் தானே பெறப்படும். 'மூலதனம்' முதலதிகாரத்தைக் கற்றோர்க்கு இது புதிதன்று. எல்லாப் பண்டங்களும் தம் பெறுமதியை ஒரு பொதுச் சமவலுவில் வெளியிடுவதை ஒத்தது இது. ஒப்புமை அவ்வளவில் நிற்கும். பண்டங்களின் பரிமாற்ற விகிதம் உழைப்பு நேரத்தோடு மாறுவது; 6894.76 எவ்வுற்பத்தி முறையிலும் மாறாதது. அலகின் தோற்றம் சமூகத்துக்குரியது என்பதால் அதன் எண்பெறுமதியும் வர்க்கச் சார்புடையது எனக் கொள்ளும் கொச்சைப் பொருள்முதல்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஜேம்ஸ் வாட்டின் எந்திரங்கள் வளிமண்டல அமுக்கத்தினும் சிறிதே மிகுந்த நீராவியில் இயங்கின. உயரமுக்க நீராவியை அவர் எதிர்த்தார். ட்ரெவிதிக் அதனைக் கையாண்டார். 1803இல் கிறீனிச்சில் ட்ரெவிதிக்கின் கொதிகலன் ஒன்று வெடித்துத் தொழிலாளர் சிலர் மாண்டனர். அமுக்கம் அதன்பின் ஆய்வுகூடக் கணியமாக மட்டும் இருக்கவில்லை. கொதிகலனருகே நின்றோரின் உயிர்ப் பிரச்சினையுமாயிற்று. 1849இல் பிரான்சில் பூர்தோன் அமைத்த அமுக்கமானி, வளைந்த குழாய் உள்ளமுக்கத்தால் நிமிர முனைவதைக் கொண்டு அமுக்கத்தைக் காட்டுவது.

மாற்றீட்டில் மிகப் பெரும் இடர் இவ்விடத்திலேயே உளது. அக்குழாய் அறிவது உள்ளமுக்கத்தையன்று, வெளிவளிக்கு மேற்பட்ட மிகுதியை மட்டுமே. காற்றுப்போன வண்டிச்சக்கரத்திலும் ஒரு வளிமண்டல அமுக்கம் உண்டு. மானி காட்டுவதோ பூச்சியம். மானி சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் காட்டின் அது 6.895 பார், தனியமுக்கமோ 7.908 பார். வாயு விதிகளிற் பின்னதையே இடல் வேண்டும். ஜெர்மன் பொறியியலாளர் அலகின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதியமை பாராட்டற்குரியது. அவர்களும் சோவியத் பொறியியலாளரும் பெரிதும் கையாண்ட 'தொழினுட்ப வளிமண்டலம்' (சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராம் நிறை) 98066.5 பஸ்கால், பார் 100000, நியம வளிமண்டலம் 101325. மூன்றும் அண்மையன ஆதலால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது.

பழைய அலகுகள் தம் கருவி மறைந்த பின்னரும் வாழ்கின்றன. 2013இல் ஏற்கப்பட்ட மினமாத்தா உடன்படிக்கை, சில விலக்குகள் நீங்கலாக, இரசக் குருதியமுக்கமானிகளின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் 2020உடன் நிறுத்துமாறு விதித்தது. இலத்திரனியற் கருவியில் இரசம் ஒரு துளியும் இல்லை. அது காட்டும் எண் மட்டும் இன்றும் இரச மில்லிமீற்றரே.

விமானப் போக்குவரத்தில் இப்பன்மை உயிராபத்தாகின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உயரமானியை இரச அங்குலத்தில் அமைப்பர். பெரும்பாலான பிற நாடுகளில் ஹெக்டோபஸ்காலில் அமைப்பர். நியம அமுக்கம் 29.92 அங்குலம், அதாவது 1013.25 ஹெக்டோபஸ்கால். தரையிலிருந்து '992' என்று ஹெக்டோபஸ்காலில் அறிவிக்கப்படுவதை, அங்குலத்துக்குப் பழகிய விமானி 29.92 எனக் கொள்வாராயின், 21 ஹெக்டோபஸ்கால் வேறுபாடு நேரும். கடல் மட்டத்தை அண்டி ஒரு ஹெக்டோபஸ்கால் எட்டு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்துக்குச் சமம். உயரமானி உண்மையினும் ஏறத்தாழ 175 மீற்றர் கூட்டிக் காட்டும். விமானம் அவ்வளவு தாழ்ந்து, முகிலினூடே தரையை நோக்கி வந்துகொண்டிருக்கும்.