சமய பாட வினாத்தாளும் நம் பிள்ளைகளும்

இடம்பெயர்ந்து வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை அறைகளில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் போகுது. சமயம்தானே, அதைப் பரீட்சைக்கு முதல்நாள் பார்த்தால் போதும்." இந்த எண்ணத்தால் நட்டப்படுவது பிள்ளைதான்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் ஒரு கட்டாய பாடம். உயர்தரம் படிப்பதற்கு ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். திறமைச் சித்திக்கு 50 புள்ளிகள். மூன்று நான்கு பாடசாலை மாறிய பிள்ளைக்குக் கணிதத்தில் விட்டுப்போன அடித்தளத்தைச் சில மாதங்களில் கட்டியெழுப்புவது கடினம். சமய பாடம் அப்படியல்ல. அதற்கு வேண்டிய அறிவில் பாதி வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்க சமயமும் கிறிஸ்தவமும் பரீட்சையில் இரண்டு வெவ்வேறு பாடங்கள். விண்ணப்பப் படிவத்தில் எது குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். ஊரில் மெதடிஸ்த பாடசாலையில் படித்த பிள்ளை இங்கே கத்தோலிக்க பாடசாலையில் சேர்ந்திருக்கலாம். அப்போது பத்துக் கட்டளைகளிலேயே தடுமாற்றம் வரும். கொலை செய்யாதே என்பது கத்தோலிக்கருக்கு ஐந்தாம் கட்டளை. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையினருக்கு அதுவே ஆறாம் கட்டளை. விக்கிரகங்களைப் பற்றிய கட்டளையை இவர்கள் தனியாக எண்ணுகிறார்கள். கத்தோலிக்கர் அதை முதலாவதோடு சேர்த்து, ஆசையைப் பற்றிய கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரண்டும் சரியே. ஆனால் பல்தேர்வு வினாவில் ஓர் இலக்கம் மாறினால் புள்ளி போய்விடும். கட்டுரை விடையில் இலக்கத்தை மட்டும் எழுதாமல் கட்டளையையும் சொல்லால் எழுதுவது நல்லது.

வேதாகம நூல்களின் பெயர்களும் அவ்வாறே. பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் என்பது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம். பாடநூலில் உள்ள பெயரையே பிள்ளை பழகட்டும்.

இனி விடை எழுதும் விதம். வினாவின் கடைசிச் சொல்லைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'குறிப்பிடுக' என்றால் ஒரு வரி போதும். 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும். ஒரு மாதிரி வினாவை எடுப்போம். "நல்ல சமாரியர் உவமை கற்பிக்கும் அயலவர் அன்பை விளக்கி, அதை இன்று வாழக்கூடிய மூன்று வழிகளைக் குறிப்பிடுக." நாம் பார்த்த விடைகளில் பெரும்பாலானவை கதையை ஒரு பக்கம் சொல்லிவிட்டு, 'ஆகவே நாமும் அயலவரை நேசிக்க வேண்டும்' என்று முடிகின்றன. கதை நன்றாகத்தான் இருக்கும். கேட்ட மூன்று வழிகளும் அங்கே இல்லை.

நல்ல விடை கதையை நான்கு வரியில் முடித்துவிடும். எரிகோவுக்கு இறங்கிப்போன மனிதன் கள்வரிடம் அகப்பட்டான், குருவும் லேவியனும் விலகிப் போனார்கள், யூதர் ஒதுக்கி வைத்த சமாரியன் நின்றான். லூக்கா 10ஆம் அதிகாரம் என்று ஒரு குறிப்புப் போதும். அதன்பின் பொருளுக்கு வர வேண்டும். 'என் அயலான் யார்' என்று கேட்டவனிடம், அடிபட்டவனுக்கு அயலானாக நடந்தவன் யார் என்று இயேசு திருப்பிக் கேட்டார். அயலவர் என்பது வேலிக்கு அப்பால் இருப்பவர் மட்டுமல்ல, இரங்கி உதவுபவரே அயலவர் என்பதே விளக்கம். சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான், மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். இரக்கத்துக்குச் செலவும் உண்டு என்று இதைக்கொண்டு பிள்ளை எழுதலாம்.

மூன்று வழிகளுக்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் சிங்கள அயலவர் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தார்கள். சமாரியனுக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் நமக்குக் கிடையாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் விலகிப் போனோம் என்பதையும் பிள்ளையோடு பேசலாம். கசப்பான பேச்சுத்தான், என்றாலும் குருவையும் லேவியனையும் அப்போதுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபின், ஒரு சமூகம் முழுவதையும் பழிக்காமல் காயப்பட்டவர்களுக்கு உதவுவதும் ஒரு வழி. ஆனால் பட்ட துயரத்தை மட்டும் இரண்டு பக்கம் எழுதிவிட்டால் புள்ளி வராது. அனுபவம் கேட்ட வினாவுக்குச் சான்றாக வர வேண்டும்.

காணியைப் பற்றிய பகுதிகளில்தான் நம் பிள்ளைகள் மற்றவர்களை முந்தலாம். அரசன் ஆகாபு தன் மாளிகை அருகே இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். மாற்றுத் தோட்டமோ பணமோ தருவதாகச் சொன்னான். முதுசக் காணியைக் கொடேன் என்றான் நாபோத்து. பொய்ச் சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். இங்கே எந்தக் கட்டளைகள் மீறப்பட்டன என்று கேட்டால், பிறர் பொருளில் ஆசை, பொய்ச் சாட்சி, கொலை, களவு என்று நான்கை வரிசைப்படுத்தலாம். 'நட்டஈடு தரத் தயாராக இருந்தானே, அரசன் செய்தது என்ன பிழை' என்று பிள்ளை கேட்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, இன்னமும் காணி முழுதும் விடுபடாத குடும்பத்துத் தகப்பனாரே அதற்கு விடை சொல்லட்டும்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது, தீர்க்கதரிசியோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அனதோத்தில் உள்ள நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, நெடுநாள் கெடாமல் இருக்க மண் பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறார். அந்தத் தேசத்தில் மீண்டும் வீடும் வயலும் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். 'கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் என்ன' என்ற வினாவுக்கு இதை உதாரணமாகக் காட்டலாம். உங்கள் வீட்டுக் காணி உறுதி எந்தப் பெட்டியில், எந்தப் பொலித்தீன் பைக்குள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியுமா? இன்றிரவு எடுத்துக் காட்டி, நான்கு எல்லையையும் வாசித்துச் சொல்லுங்கள்.